நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு

மூன்றாம் மாடி இடதுபக்க வீட்டு அம்மாளை அந்தக் கட்டடம் முழுக்க சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். பேப்பர் போடுகிறவர், தபால்காரர், மாடிப்படி துடைக்க வருகிற அம்மாள், எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கணவரே அப்படித்தான் கூப்பிடுவார். "கட்டின பொண்டாட்டியை சிஸ்டர்னு கூப்பிடுற ஒரே ஆம்பளை இந்த உலகத்துலயே நீங்கதான்" என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. மனிதர் திருந்துகிற வழியாக இல்லை.

சிஸ்டருக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியில், ஆறாம் வார்டில். முப்பது கட்டில், மூன்று சிஸ்டர்கள், அதில் ஒருவர் எப்போதும் லீவு. இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு ஊசி போட்டார், எத்தனை பேரைத் தாங்கிப் பிடித்து நடக்க வைத்தார், எத்தனை பேருக்குக் கடைசியில் கண்களை மூடிவிட்டார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் ஒரு கூப்பாடு மட்டும் காதை விட்டுப் போகவே இல்லை.

"சிஸ்டர், பாட்டில் தீந்துபோச்சு!"

கட்டிலுக்கு மேலே தொங்குகிற டிரிப் பாட்டிலில் கடைசிச் சொட்டு இறங்குவதற்குள் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கு உயிர் போய்விடும். குழாய் வழியாகக் காற்று ஏறிவிடும், ஆள் அவ்வளவுதான் என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்ட பயம். இந்தக் கோடியில் ஒருவர் கத்துவார். ஓடிப்போய் மாற்றிவிட்டு நிமிர்ந்தால் அந்தக் கோடியில் இன்னொருவர் கத்துவார். "வரேம்மா, வரேன், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிச் சொல்லியே சிஸ்டருக்கு நாக்குத் தேய்ந்துவிட்டது. ஒரே மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது, காலிப் பால்புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் முதன்முதலாகக் கோர்வையாகப் பேசிய வாக்கியமும் அதுவே. "ம்மா, பாட்டில் தீந்துபோச்சு." சிஸ்டர் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். பிள்ளை பேசிவிட்டாளே என்று சந்தோஷப்படத் தோன்றியது அதற்கப்புறம்தான்.

யாரும் கூப்பிடாத இடம் என்று ஒன்று வேண்டும். எல்லோருக்குமே வேண்டும், ஆனால் சிஸ்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டியிருந்தது. மகள் படிப்பை முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன வருஷம் அந்த இடம் கிடைத்தது. எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம், அதில் ஒரு மூலையைத் துணி துவைக்கும் மெஷின் ஆக்கிரமித்திருந்தது. மிச்சம் இருந்ததுதான் பால்கனி.

ஆரம்பித்து வைத்தது ஒரு புதினாச் செடி. பன்னிரண்டாம் கட்டில்காரர் குணமாகி வீட்டுக்குப் போகும்போது, ஜன்னலில் பிளாஸ்டிக் டம்ளரில் வைத்து வளர்த்ததை மறந்துவிட்டுப் போய்விட்டார். வார்டில் செடி வைக்க அனுமதி இல்லை. குப்பைக் கூடையில் போட மனசு வராமல் சிஸ்டர் அதைக் கைப்பைக்குள் நிறுத்தி வைத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டில் அதற்குப் பெயர் பன்னெண்டாம் பெட். அப்புறம் வந்த ஒவ்வொன்றுக்கும் இப்படியே நம்பர் வந்தது. தக்காளி நாலாம் பெட். மிளகாய் ஏழு. பீன்ஸ் கொடி, எப்போது பார்த்தாலும் எதையாவது பிடித்துத் தொங்குவதால், ஒன்பது. அந்தக் கட்டிலில் அந்தச் சமயம் அப்படி ஒருவர் இருந்தார், போகிற வருகிற எல்லோர் கையையும் பிடித்துக்கொள்வார்.

சொன்னால் சிரிப்பீர்கள், அந்தப் பால்கனிக்கு வெயில் வருவது ஒரு நாளைக்கு இரண்டேகால் மணி நேரம். ஏழு மணிக்கு வலது ஓரத்தில் நுழையும். ஒன்பதேகாலுக்கு எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி குறுக்கே வந்து நின்றுகொள்ளும். அதற்குள் எல்லாச் செடித் தொட்டிகளும் ஒரு முறையாவது வெயில் பார்த்தாக வேண்டும். காலை ஷிஃப்ட் இருக்கிற நாட்களில் இந்த வேலை கணவர் தலையில் விழும். அவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்து மிதித்து அவருடைய வலது காலுக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. சிஸ்டர் கம்பிக்கு வெளியே எட்டிப் பார்த்தால் போதும், உள்ளே சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரின் கால் தானாகத் தரையை மிதிக்கும்.

"நாலாம் பெட்டை ஏழே முக்காலுக்கு நகர்த்தணும். மறந்துடாதீங்க."

"வீல் சேர் கொடுத்துட்டுப் போ. நகர்த்துறேன்."

கஷ்டம் வெயிலோடு முடியவில்லை. மூன்றாம் மாடிக் காற்று பீன்ஸ் கொடியைப் பிய்த்தெறியும். சிஸ்டர் பஞ்சுத்துணிப் பட்டையால் அதைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுவார், அதுவும் முழங்கை முறிந்தவருக்குக் கட்டுகிற மாதிரி, மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, நடுவில் அசைய இடம் விட்டு. அவ்வளவு உயரத்துக்குத் தேனீ வரவில்லை. தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. சிஸ்டர் காது குடைகிற பஞ்சுக்குச்சி எடுத்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுத் தொட்டு வந்தார். காய் பிடித்தது! சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்த அன்றைக்கு அவர் மகளுக்கு போன் செய்து சொன்ன சந்தோஷத்தில், எதிர்முனையில் மகள் பயந்துபோய், "அம்மா, முதல்ல மூச்சு விடு, யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?" என்று கேட்டாள்.

இவ்வளவும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கீழ்வீடு.

நேர் கீழே, இரண்டாம் மாடியில், ஏழு மாதத்துக்கு முன்னால் குடிவந்தவர் கோர்ட்டில் டைப் அடிக்கிறவர். தினமும் வெள்ளைச் சட்டை, வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை. படியில் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கித் தலையை அசைப்பார், வாயைத் திறக்க மாட்டார். கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும். கட்டடத்தில் அவருக்கு வெள்ளைச் சட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது.

முதல் சண்டை எறும்பால் வந்தது. ஒரு நாள் இரட்டை ஷிஃப்ட் முடித்து சிஸ்டர் வீடு திரும்பினால், நாலாம் பெட் தலை தொங்கிப்போய், இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது. வேறு யாராவது என்றால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். இருபத்தொன்பது வருஷம் வார்டில் இருந்தவரின் கை வேறு பக்கம் போனது. துவண்டு கிடந்தால் குளுக்கோஸ் ஏற்று, அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும். தேதி முடிந்துபோனதென்று ஆஸ்பத்திரி ஸ்டோரில் ஒதுக்கிய குளுக்கோஸ் பாட்டில்கள் இரண்டை, பாட்டில் உதவுமே என்று அவர் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒன்றைத் திறந்து தொட்டியில் பாதி ஊற்றினார். மறுநாள் விடிவதற்குள் அந்த வட்டாரத்து எறும்பெல்லாம் தக்காளித் தொட்டியில் கூடிவிட்டன. தின்றது போக மிச்சக் கூட்டம் சுவரோடு இறங்கி, இரண்டாம் மாடிச் சமையலறையில் சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டது.

மாலை கதவிடுக்கில் ஒரு கவர். உள்ளே டைப் அடித்த தாள்.

"பொருள்: மேல்தளத்திலிருந்து எறும்புகள் வருகை தொடர்பாக. ஒன்று, நான் இக்கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் வசித்து வருகிறேன். இரண்டு, இன்று காலை ஆறு பத்து மணி முதல் எறும்புகள் வரிசையாக இறங்கி வருகின்றன. மூன்று, அவை திரும்பிச் செல்லும் எண்ணத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. நகல்: சங்கச் செயலாளர்."

கணவர் மூன்றாவது பாராவை இரண்டு தரம் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி வரியில் இருந்த நகலையே அவர் திரும்பத் திரும்பப் படித்தார். எப்போதோ மேல்மாடித் தொட்டி ஒன்று விழுந்து யாருடைய காரிலோ கண்ணாடி உடைந்ததிலிருந்து கட்டடத்துச் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு பால்கனி மேல் எழுத்தில் மூன்று புகார் வந்தால், தொட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். செகரட்டரி, முதல் மாடியில் இருக்கிற கண்ணாடிக் கடைக்காரர், நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்றால் விதி என்பார்.

இரண்டாவது கடிதம் தண்ணீரால் வந்தது. தண்ணீர் ஊற்றினால் தொட்டிக்கு அடியில் வழியும், வழிந்தது ஓரமாக ஓடிக் கீழே சொட்டும். மேல்வீட்டுத் தோட்டத்துக்கு இது பிறவிக் குறை. கீழே முன்பு இருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரம் அடித்திருந்தார்கள், பாதி சொட்டு அதில் விழும். மீதி பாதி ஒரு நாள், கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டையின் முதுகில், மண் கலரில் ஒரு கோடு போட்டுவிட்டது. "சான்றாகச் சட்டை இணைக்கப்பட்டுள்ளது" என்று கடிதத்தில் இருந்தது. உண்மையிலேயே கூட ஒரு பையில் சட்டை இருந்தது. சிஸ்டர் அதைத் தன் கையாலேயே துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தார். கீழ்வீட்டிலிருந்து சத்தமே இல்லை.

"ஒரு வார்த்தை, சரிங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா வாய்ல இருக்கிற முத்து கொட்டிடுமா? அந்த வீட்ல ஒரு பொம்பளை இருந்தா இப்படிக் காகிதம் எழுத விடுவாளா?" என்று சிஸ்டர் பொருமினார்.

"இன்னும் ஒரு லெட்டர்தான் பாக்கி. மூணாவது வந்தா அவ்வளவுதான்" என்றார் கணவர். இந்த முறை அவரும் சிரிக்கவில்லை. வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பால்கனிக்குப் போய், மெஷின் மேல் சாய்ந்து நின்று கண்ணை மூடுகிற மனைவியை அவர் தினமும் பார்க்கிறவர். அது போய்விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது கடிதம் வரக்கூடாது, அதாவது ஒரு சொட்டுக்கூடக் கீழே போகக்கூடாது. சிஸ்டர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஸ்டோர்காரரிடம் போய், தேதி முடிந்து ஒதுக்கிய டிரிப் குழாய் ஒரு டஜனும் அத்தனை காலிப் பாட்டிலும் கேட்டு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் பால்கனிக் கூரையில் கொக்கி அடித்தார். தொட்டிக்கு ஒரு பாட்டில், தலைகீழாகத் தொங்கியது. பாட்டிலில் வெறும் தண்ணீர்தான், குளுக்கோஸ் பாடம் படித்தாகிவிட்டது. குழாயின் நுனி வேருக்குப் பக்கத்தில் மண்ணில் செருகப்பட்டது. குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தை விரலால் உருட்டி, டியூட்டியில் இடுப்பில் செருகிக்கொள்கிற கடிகாரத்தைப் பார்த்து, சிஸ்டர் எண்ணினார். நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொட்டு. மண் குடிக்கிற வேகமும் அதுவே. அடியில் ஒழுகவே இல்லை.

"ஐ.சி.யூ. மாதிரியே இருக்கு. விசிட்டர் நேரம் எப்போ?" என்றார் கணவர்.

சிஸ்டர் கம்பிக்கு வெளியே குனிந்து கீழே பார்த்தார். கணவரின் கால் தானாகத் தரையை மிதித்தது. கீழே தகரம் காய்ந்து கிடந்தது.

ஒன்பது நாள் அது அப்படியே காய்ந்து கிடந்தது. செடிகளுக்கோ அப்படி ஒரு தெம்பு வந்துவிட்டது. நாலாம் பெட்டில் ஒரு காய் பச்சை மாறி, மஞ்சளாகி, மூக்கில் லேசாகச் சிவப்புக் காட்டியது. இன்னும் மூன்று நாளில் பறிக்கலாம் என்று சிஸ்டர் கணக்குப் போட்டார்.

பத்தாம் நாள் மதியம் இரண்டரைக்கு வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், தரையில் மூன்றாவது கவர்.

அதே டைப், அதே நகல். சிஸ்டர் அதைக் கையில் எடுத்தார், பிரிக்கவில்லை. பிரித்து என்ன ஆகப் போகிறது? சொட்டு இல்லை, எறும்பு இல்லை, சட்டை இல்லை. இனி காற்று வருகிறது என்று எழுதியிருப்பார். வேண்டாதவர்களுக்குக் காரணமா கிடைக்காது? சிஸ்டருக்கு ரோஷம் அதிகம். செகரட்டரி வந்து கதவைத் தட்டி எடுக்கச் சொல்கிற வரைக்கும் காத்திருக்கிற ஆள் அவர் இல்லை. யூனிஃபார்மை மாற்றாமல், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினார். ஆஸ்பத்திரியில் சலவைக் கூடத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை இருக்கிறது, அங்கே வைத்துவிடலாம். பன்னெண்டாம் பெட் முதலில் கீழே போனது. ஏழு போனது. ஒன்பதின் கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டதில் தாடை வலித்தது.

நாலாம் பெட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இரண்டாம் மாடிப் படிக்கு வந்தபோது கீழ்வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை வெளியே வந்தார். கோர்ட்டுக்குப் போகவில்லை போல. சட்டையில் மேல் பட்டன் இல்லை, முகத்தில் இரண்டு நாள் தாடி.

"மேடம், எங்கே எடுத்துட்டுப் போறீங்க?" என்றார். ஏழு மாதத்தில் அவர் குரலை சிஸ்டர் கேட்பது அதுதான் முதல் தடவை.

"நீங்க கேட்ட இடத்துக்குத்தான் சார். உங்களுக்கு இனிமே ஒரு தொந்தரவும் இருக்காது. சந்தோஷமா இருங்க."

"லெட்டர் படிக்கலையா நீங்க?"

"ரெண்டு படிச்சது போதும்."

அவர் படியில் குறுக்கே வந்து நின்றார். எப்போதும் ஒதுங்கிப் போகிற மனிதர், வழியை மறித்துக்கொண்டு நின்றார். "தயவுசெஞ்சு படிங்க மேடம். எனக்கு வாயால சொல்ல வராது. நேத்து மூணு தடவை மேலே வந்து உங்க கதவு வரைக்கும் நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

சிஸ்டருக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வார்டில் இந்தக் குரலை அவர் கேட்டிருக்கிறார். டாக்டரிடம் எதையோ கேட்க வந்து கேட்க முடியாமல் வராந்தாவில் நிற்பவர்களின் குரல் அது. தொட்டியைப் படியில் வைத்துவிட்டு, யூனிஃபார்ம் பையிலிருந்து கவரை எடுத்துப் பிரித்தார்.

"பொருள்: மேல்தளத்திலிருந்து நீர் சொட்டுவது நின்றுவிட்டது தொடர்பாக. ஒன்று, கடந்த ஒன்பது நாட்களாக நீர் சொட்டவில்லை. இரண்டு, அது மீண்டும் சொட்டுவதற்கு ஆவன செய்யுமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்று, இதற்கு முன் நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவற்றை எழுதியபோது எனக்குத் தெரியாது."

என்ன தெரியாது என்று தாளில் இல்லை. டைப் அடிக்கிறவருக்கும் அங்கே வார்த்தை தீர்ந்துவிட்டிருந்தது.

"உள்ளே வாங்க மேடம்" என்றார் அவர்.

முன்னறையைத் தாண்டி, படுக்கையறை ஜன்னலை ஒட்டி, ஒரு கட்டில். ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில். அதில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் வைத்தது வைத்தபடி கிடந்தது. வாயின் வலது ஓரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. போட்டவர் ஆம்பிளை என்பது பின்னலைப் பார்த்தாலே தெரிந்தது, ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. அவர் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாசமாச்சு?" என்று கேட்டார் சிஸ்டர். குரல் தானாகவே வார்டுக் குரலாகிவிட்டது.

"எட்டு. பழைய வீட்ல லிஃப்ட் இல்லை. இங்கேயும் லிஃப்ட் இல்லைதான், ஆனா கோர்ட் பக்கம். பகல்ல ஒரு அம்மா வந்து பாத்துக்குவாங்க. மதியம் நான் ஓடி வந்து ஊட்டிவிட்டுட்டுப் போவேன்." அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "என் சம்சாரத்துக்குப் பேச்சு சுத்தமா இல்லை மேடம். ஒரு எழுத்துகூட வரலை. வரும் வரும்னு சொன்னாங்க, வரலை. உங்களுக்கு ரெண்டாவது லெட்டர் குடுத்த மறுநாள் காலைல, நான் ஷேவ் பண்ணிட்டிருந்தேன். உள்ளேருந்து ஒரு சத்தம். ஒண்ணு, அப்படின்னு. டிவி கூட ஓடலை. வந்து பாத்தா, தகரத்துல டொக்குன்னு ஒரு சொட்டு விழுது. இவ, ரெண்டு, அப்படிங்கறா."

சிஸ்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு அஞ்சு வரைக்கும் சொன்னா. அடுத்த நாள் ஒம்பது. நாலாம் நாள் பதினாலு. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை, சொன்னா நின்னுடுமோன்னு பயம். ஞாயித்துக்கிழமை தண்ணி நின்னுபோச்சு. நான் எழுதின லெட்டராலதானே நின்னுச்சு? அன்னிலேருந்து இவ அந்தத் தகரத்தையே பாத்துட்டு இருக்கா. நான் வாளியில தண்ணி மொண்டு ஊத்திப் பாத்தேன். கரண்டியால சொட்டிப் பாத்தேன். நான் செய்யறேன்னு தெரிஞ்சதும் முகத்தைத் திருப்பிக்கிறா." வெள்ளைச் சட்டை இப்போது சிறுபிள்ளை போல விசும்பிக்கொண்டிருந்தார்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களில் சிலருக்கு எண்ணுவது முதலில் திரும்பும். சிஸ்டர் இதை வார்டில் பார்த்திருக்கிறார், புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறார். முப்பது கட்டிலையும் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்தவர், தன் வீட்டுத் தரைக்கு நேர் கீழே ஒரு கட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் ஒரு பொம்பளை இருந்தால் என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் முகம் சுட்டது.

கட்டிலருகே உட்கார்ந்து அந்த அசையாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நான் மேல்வீட்டு அக்காம்மா. தண்ணி என்னோடதுதான். இத்தனை நாளா நான்தான் நிறுத்தி வெச்சிருந்தேன். இனிமே நிக்காது, சரியா?"

 கண் மட்டும் தகரத்திலிருந்து ஒரு தரம் இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போனது.

மாலை கணவர் வந்தபோது கீழ்ப்படியில் தொட்டிகள் வரிசையாக நின்றன. "என்ன, எல்லாரையும் ஒரே நாள்ல டிஸ்சார்ஜ் பண்ணிட்டியா?" என்றார். விஷயத்தைக் கேட்டதும் பேசாமல் பன்னெண்டாம் பெட்டைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். வெள்ளைச் சட்டை மீதித் தொட்டிகளைச் சுமந்தார். அன்று அந்தச் சட்டை முழுக்க மண், ஒரு கடிதமும் வரவில்லை. செகரட்டரி மூன்றாவது கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டு, தண்ணீர் சொட்டவில்லை என்ற புகாருக்கு விதி எதுவும் இல்லை என்று ஃபைலை மூடிவிட்டார்.

மறுநாள் காலை சிஸ்டர் கம்பிக்கு வெளிப்பக்கம் இன்னொரு பாட்டில் கட்டினார். இதற்குத் தொட்டி கிடையாது, குழாயின் நுனி நேரே தகரத்துக்கு மேல் தொங்கியது. கீழே ஜன்னலருகே இரண்டு ஆண்களும் நின்றார்கள். மேலே சிஸ்டர் சக்கரத்தை உருட்டினார்.

"வேகம் அதிகம் சிஸ்டர், மூச்சு வாங்குறாங்க. பிரேக், பிரேக்!" என்று கணவர் கீழேயிருந்து கத்தினார்.

இருபதிலிருந்து பதினைந்துக்கு வந்தது. பதினைந்திலிருந்து பன்னிரண்டு. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். டொக் என்றது தகரம். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு டொக். பால்கனித் தரையில் மண்டியிட்டு, கம்பிக்கு இடையில் காதை வைத்துக்கொண்டு சிஸ்டர் காத்திருந்தார். ஏழாவது சொட்டுக்கோ எட்டாவது சொட்டுக்கோ, கரகரப்பாக, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது ஒரு குரல்.

"ஒண்ணு."

அதிலிருந்து அந்த வீட்டுக் காலைகள் எண்ணிக்கையோடு ஆரம்பித்தன. தக்காளி பழுத்தது. முதல் பழத்தை சிஸ்டர் நான்காக நறுக்கி, இரண்டு துண்டைக் கீழே கொடுத்தனுப்பினார். எண்ணிக்கை பதினாலைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது. முப்பத்தொன்பதில் ஒரு வாரம் தடுக்கி நின்றது. நாற்பது வந்த அன்று வெள்ளைச் சட்டை படியேறி வந்து, கதவைத் தட்டி, "நாப்பது" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பிறகு ஒரு லீவு நாள் காலை. வெயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. சிஸ்டர் மெஷின் மேல் சாய்ந்து, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கீழேயிருந்து எண்ணிக்கை வந்துகொண்டிருந்தது. அறுபத்தொண்ணு. அறுபத்திரண்டு. அறுபத்திமூணு. அப்புறம் வரவில்லை. டொக் சத்தமும் இல்லை. களைத்துவிட்டார் போல என்று சிஸ்டர் நினைத்தார்.

கீழே யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு தரம், இரண்டு தரம். பிறகு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எடுத்துக் கோர்த்து, அந்தக் குரல் மேலே வந்தது.

"அக்கா... பா... பாட்டில்... தீந்து... போச்சு."

உள்ளே கணவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டு மனைவியின் தோளைப் பார்த்தார். அந்தக் கூப்பாட்டுக்கு எப்போதும் தூக்கிப்போடுகிற தோள், இன்று தூக்கிப்போடவில்லை. டம்ளர் மட்டும் சாய்ந்து காப்பி மெஷின் மேல் ஓடியது. சிஸ்டர் கம்பிக்கு வெளியே பாதி உடம்பு தொங்க எட்டிப் பார்த்தார். உள்ளே வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"வரேம்மா, வரேன், இதோ வந்துட்டேன்!" என்று கத்திவிட்டு, கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல், காலிப் பாட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு சிஸ்டர் குழாயடிக்கு ஓடினார்.